நுனியில் சுற்றிய டேப்

அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் என்பார்கள். மருந்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்றாவது மாடியில் இருந்த அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யாருடைய மெஷின் மக்கர் செய்தாலும் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷினைத் தொடாமல் முதலில் ஆளை விசாரிப்பார்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு? நேத்து நல்லா இருந்துச்சா? கடைசியா என்ன பண்ணீங்க? பயப்படாம சொல்லுங்க."

அந்தப் 'பயப்படாம சொல்லுங்க'வுக்காகத்தான் அந்தப் பட்டம். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவன் இன்னொருவனின் நாடியைப் பிடித்துக்கொண்டு அதே குரலில் அதே கேள்வியைக் கேட்பான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். டாக்டருக்கு இது தெரியுமா என்றால், தெரியும். பட்டப்பெயர் வைத்தால் பிரியத்தில் வைத்தார்கள் என்று நினைத்துக்கொள்ளும் ஜாதி அவர். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம் வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வரும்.

அவரிடம் இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று, கெட்டது சரியாகிவிட்டால் அதோடு எழுந்து போக மாட்டார். ஏன் கெட்டது என்று தெரிந்தால்தான் எழுந்திருப்பார். "தானா சரியானது தானா கெட்டுப்போகும்" என்பார். நமக்கு அவசர வேலை இருக்கும், இவர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது, யார் செய்த வேலையாக இருந்தாலும் நன்றாக இருந்தால் வாய்விட்டுப் பாராட்டிவிடுவார். மேஜைக்கு அடியில் கிடக்கும் ஒயர்களை எவனோ ஒழுங்காகக் கட்டியிருந்தால், அதைக் காட்டுவதற்காகப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் குனியச் சொல்வார். பெரிய மனிதர்களுக்கு இடுப்பு வலிக்கும். அதைப் பற்றி அவருக்கு என்ன?

அந்த அக்கவுண்ட்ஸ் பிரிவில் அவருடைய மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. அம்மா இல்லாமல் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது டாக்டர்தான். பழைய மேனேஜரின் வீட்டு மெஷின்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக் கொடுத்து, கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினார். சாயங்காலம் சில நாள் அவன் அக்கா வீட்டுக்கு வருவான். சாப்பாட்டு மேஜையில் ஏதாவது ஒரு செத்த லேப்டாப் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். டாக்டர் அவனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். அவனுக்குக் கைவேலை நன்றாக வந்தது. "என்னைவிட உனக்கு விரல் சன்னம்டா" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார். அவர் மனைவி சர்க்கரை டப்பா மூடியில் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டே தம்பியைப் பெருமையாகப் பார்ப்பாள்.

பழைய மேனேஜர் போய்ப் புது மேனேஜர் வந்தார். புதுத் துடைப்பம் எப்படிப் பெருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே அலுவலகத்தில் சில்லறைச் சாமான்கள் காணாமல் போவதைக் கண்டுபிடித்தார். ஒரு ஹெட்போன், ஒரு சார்ஜர், புதுசாக வாங்கிய மவுஸ். எடுத்தவன் கையில் சிக்கட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தார். கூடவே டாக்டரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமல், வெளியே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"சிஸ்டம் வேலைக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. வெளில ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடலாம்னு ஒரு யோசனை இருக்கு. வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரிய சார் வர்றாரு. மீட்டிங் ரூம்ல எல்லாம் ஒழுங்கா நடக்கட்டும். நடந்தா நீங்க இருக்கீங்க. நடக்கலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? டாக்டர் மீட்டிங் ரூம் லேப்டாப்பைப் புதன்கிழமை முழுக்கத் துடைத்து, சோதித்து, வைஃபையில் சேர்த்து, படம் ஓட்டிப் பார்த்து, மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். "எல்லாம் பக்கா" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை அவர் வருவதற்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவு கூடிப் பேசி முடித்துவிட்டது. டாக்டரைக் கொஞ்சம் ஓட விட்டுப் பார்க்கலாம் என்று யோசனை. லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கிற கார்டு ஒன்று இருக்கும், தபால் தலை அளவுக்கு. அதைக் கழற்றிவிட்டால் மெஷினுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. டாக்டர் மேலே மேலே நோண்டிக்கொண்டே இருப்பார், வியர்த்துக் கொட்டும். பெரிய சார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கார்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துச் சிரித்துவிடலாம். கழற்றத் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். மச்சினன் மீட்டிங் ரூமுக்குள் போனான், கொஞ்ச நேரத்தில் வந்தான், கார்டைத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினான். அத்தான்மேல் அவனுக்கு விரோதம் எதுவும் கிடையாது. விரோதம் இருந்திருந்தால்கூட மனிதன் யோசித்துச் செய்திருப்பான். இது வெறும் கொண்டாட்டம்.

டாக்டர் வந்தார், மெஷினைத் திறந்தார், வைஃபை அடையாளமே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அப்புறம் வழக்கம்போல் மெஷினிடமே வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார். மீட்டிங் ரூமுக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"நேத்து நல்லா இருந்துச்சேம்மா. என்ன ஆச்சு? சரி, பட்டன் எதையாவது அமுக்கிட்டாங்களா... இல்ல. லிஸ்ட்ல பாப்போம். நெட்ஒர்க் கார்டுன்னு ஒயர்ல வர்றது மட்டும் காட்டுது, ஒயர் இல்லாதது காட்டல. மறைஞ்சிருக்கா? இல்ல. மஞ்சக் குறி இருந்தா டிரைவர் கோளாறு. குறியே இல்ல, ஆளே இல்ல. அணைச்சுட்டு, சார்ஜரை உருவிட்டு, பட்டனை அமுக்கிப் பிடிப்போம், உள்ள இருக்கற கரண்ட் எல்லாம் வடியட்டும்."

வடியவிட்டு மறுபடி போட்டார். இல்லை. மெஷின் விழிக்கும்போதே உள்ளே புகுந்து பயாஸ் செட்டிங்கில் பார்த்தார். அங்கேயும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒருவன் தன் நெஞ்சில் இல்லாத ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காட்டினான். மச்சினனும் சிரித்தான். இருப்பதிலேயே பெரிய சிரிப்பு அவனுடையதுதான்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "என்ன, முடியலியா?"

"ஒரு நிமிஷம் சார்." டாக்டர் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சின்ன அடாப்டரை எடுத்து லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினார். வைஃபை வந்துவிட்டது. படம் ஓடியது. மேனேஜரின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

"வந்துடுச்சே. போதும், விடுங்க."

விட்டிருக்கலாம். அந்த இடத்தில் எழுந்து போயிருந்தால் இன்றைக்கும் அந்த நாற்காலியில் இருந்திருப்பார். மனுஷன் விடுவாரா?

"இல்ல சார், இது தற்காலிகம். நேத்து இருந்த கார்டு இன்னிக்கு எப்படிக் காணாமப் போகும்? பெரிய சார் வர்றதுக்கு நேரம் இருக்கு. திறந்து பாத்துடறேனே."

மேனேஜர் கையை விரித்தார். டாக்டர் லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி வரிசையாக வைத்து, அடித்தட்டை நகத்தால் நெம்பி எடுத்தார். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. அதில் மாட்டியிருக்க வேண்டிய கறுப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் சும்மா கிடந்தன. வெளியே சிரிப்பு உச்சத்துக்குப் போனது.

"கார்டை யாரோ கழட்டியிருக்காங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை, வியாதி கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது. அடுத்து, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். "ஆனா கழட்டினவன் வேலை தெரிஞ்சவன் சார். பாருங்க, இங்க குனிஞ்சு பாருங்க. ஒயர் நுனி ரெண்டுலயும் டேப் சுத்தியிருக்கான். சும்மா விட்டா நுனி போர்டுல பட்டுக் கெட்டுடும். பெரிய சர்வீஸ் சென்டர்லகூட இவ்ளோ அக்கறையா யாரும் பண்ண மாட்டாங்க. இதை நான்தான்..."

அங்கே நிறுத்தினார். அந்த டேப்பைத் தான் யாருக்கு, எந்த மேஜையில் வைத்து, எப்படிச் சுற்றச் சொல்லிக் கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து கண்ணாடி வழியாக மச்சினனைப் பார்த்தார்.

"இதை நீங்கதான்?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார் இப்படிப் பண்ணுவேன்னு சொல்ல வந்தேன்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த ஆபீஸ்ல மெஷினைத் திறந்து கார்டு கழட்டத் தெரிஞ்சவங்க வேற யாரு? டீ கொண்டு வர்ற அம்மாவா?"

வெளியே சிரிப்பு நின்றது. மேனேஜர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். ஹெட்போன், சார்ஜர், மவுஸ், இப்போது கார்டு என்று விரல்விட்டு அடுக்கினார். இதை இப்படியே விடப்போவதில்லை, எடுத்தது யாராக இருந்தாலும் போலீஸ்தான் என்றார். அந்த வார்த்தை வந்ததும் அக்கவுண்ட்ஸ் பிரிவு முழுவதும் தரையைப் பார்க்க ஆரம்பித்தது. விளையாட்டு என்று ஒருவன் வாயைத் திறந்திருந்தால் போதும். அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். தனியாக இருக்கும்போது தங்கமான பிள்ளைகள் அவர்கள். கூட்டமாகச் சேர்ந்தால் இப்படித்தான்.

டாக்டரின் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஸ்க்ரூ டிரைவர் செட், கறுப்பு டேப் ஒரு சுருள், சாப்பாட்டு டப்பா. அப்புறம் ஒரு வைஃபை கார்டு.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"இது பழைய மாடல் சார். என் வீட்டு மெஷின்லேர்ந்து கழட்டினது. அளவே வேற. இது அதுல உக்காராது சார், வேணும்னா வெச்சுக் காட்டறேன்."

"கார்டுதானே?"

"கார்டுதான் சார். ஆனா..."

"நீங்கதானே அவருக்குச் சொந்தம்?" மேனேஜர் மச்சினன் பக்கம் திரும்பினார். "இது அதுவா, இல்லியா?"

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் டாக்டரைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, திரும்பக் கொடுத்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார்."

டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் அவர் தப்பித்திருக்கலாம். 'அவன் டிராயரைத் திறந்து பாருங்க' என்றால் முடிந்தது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி கேட்ட ஒரே வரம், 'என் தம்பிய நீங்க கைவிட்டுடக் கூடாது' என்பதுதான். அவனாகவே சொல்லிவிடுவான் என்று டாக்டர் காத்திருந்தார். அவனும் சொன்னான்.

"அத்தான், எடுத்திருந்தா சொல்லிடுங்க. பயப்படாம சொல்லுங்க. சார் பெருந்தன்மையா விட்டுடுவாரு."

அப்படிச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அது உண்மைக் கண்ணீர் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. டாக்டர் ஒன்றும் பேசவில்லை. பேசாததே ஒப்புதல் ஆகிவிட்டது. போலீஸ் வரை போகவில்லை. நன்றாக நடந்துகொண்ட ஊழியர் ஒருவருடைய உறவுக்காரர் என்பதால் மன்னித்து அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். கழற்றிப் போட்ட ஸ்க்ரூக்களை மாட்டிவிட்டுப் போகலாமா என்று டாக்டர் கேட்டார். பெரிய சாருக்கு வேறு மெஷின் வைத்துக்கொள்கிறோம், வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு காவலாளி அவரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டான்.

அவர் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்த மனைவியின் முகம் வீங்கியிருந்தது.

"எடுத்தீங்களா?"

"இல்ல."

"அவன் அழுதுக்கிட்டே சொன்னான். உங்களுக்காக மேனேஜர்கிட்ட எவ்வளவு கெஞ்சினானாம். அவனுக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்? எதுக்குங்க உங்களுக்கு இந்தப் புத்தி?"

"நான் எடுக்கல."

"அப்ப யாரு எடுத்தாங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். வளர்த்த கை அவளுடையது. எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றார். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள், பக்கத்து வீட்டில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தாள். வேலை போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தன் பெண்டாட்டி தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு தனக்குத் தட்டு வைப்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. வேலை தேடிப் போகிற இடங்களில், கடைசியாக வேலை பார்த்த இடத்து மேனேஜரின் போன் நம்பரைக் கேட்டார்கள். எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்கு வந்து காய் நறுக்கிக் கொடுப்பார். அவளாக ஒரு நாள், 'நீங்க எடுத்திருக்க மாட்டீங்க' என்று சொல்லிவிட மாட்டாளா என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அப்படிக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மச்சினன் கூப்பிட்டான். கை ஈரமாக இருந்ததால் டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார். மனைவி பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஒரு உதவி. அக்கா சொல்லியிருப்பா, நான் கத்துக்கறேன்னு சொன்னதும், வெளிக் கம்பெனி வேணாம்னு சிஸ்டம் வேலைய என்னையே பாக்கச் சொல்லியிருக்காங்க. அந்த மீட்டிங் ரூம் லேப்டாப்புக்குக் கடைல கார்டு வாங்கிப் போட்டுத் தர்றேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். போட்டுட்டேன், ஆனா டிடெக்டே ஆகல. எல்லாரும் வெளில நிக்கறாங்க."

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். கேள்வி அவருக்குப் பழகின கேள்வி, வாய் தானாகவே திறந்தது.

"கார்டு எந்த மாடல்? எல்லாக் கார்டையும் அந்த மெஷின் ஏத்துக்காது. மேல ஸ்டிக்கர்ல என்ன நம்பர் போட்டிருக்கு, படி."

"அதெல்லாம் சேரும் அத்தான்."

"சேரும்னு எப்படிச் சொல்ற? தப்பான கார்டா இருந்தா நீ எத்தனை தடவ மாட்டினாலும் காட்டாது. நம்பரைப் படி."

"சேரும்னு சொல்றேன்ல. இது அதே கார்டுதான் அத்தான்."

"அதேன்னா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அன்னிக்கு நான் கழட்டினதுதான். டிராயர்லயே இருந்துச்சு. விளையாட்டுக்குத்தான் அத்தான் எடுத்தோம். அவரு போலீஸ்னு சொன்னதும் கை கால் ஓடல. இப்ப அதையெல்லாம் பேச நேரமில்ல, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன பண்ணணும்னு சீக்கிரம் சொல்லுங்க."

மனைவியின் கையில் துணி நின்றுவிட்டது. டாக்டர் போனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். கேட்டுவிட்டாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டாள். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி அவருக்கு மூச்சு வந்தது. இவள் அழுவாள், இவள் போனைப் பிடுங்கித் தம்பியைத் திட்டுவாள், எதுவாக இருந்தாலும் சரி, இனி இவளுக்குத் தெரியும். அவளும் அவரை நேராகப் பார்த்தாள்.

"அவன் கேக்கறதைச் சொல்லுங்க" என்றாள். "அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்களாமே."

டாக்டருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போல் இருந்தது.

"புதுசா குடுத்திருக்கற வேலைங்க. ஆரம்பத்துலயே அவன் பேரு கெட்டுடக் கூடாது. சொல்லுங்க."

அவர் போனைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்தார். தப்பாகச் சொல்லியிருக்கலாம். பேட்டரியோடு நோண்டச் சொல்லி மெஷினையே எரித்திருக்கலாம். அப்படிச் செய்யவும் ஒரு திறமை வேண்டும், அது அவரிடம் இல்லை.

"முதல்ல அணை. சார்ஜரை உருவு. பேட்டரி ஒயரையும் கழட்டு. கார்டைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூவை எடுத்தா அது சாய்வா எழும்பி நிக்கும். எழும்புச்சா? அதுக்குப் பல்லு மாதிரி தங்கக் கலர்ல கோடு இருக்கும், அது வெளில தெரியுதா பாரு."

"தெரியுது அத்தான்."

"தெரியக் கூடாது. முழுசா உள்ள போகல, அதான் மெஷினுக்குத் தெரியல. சாய்வாவே பிடிச்சு உள்ள தள்ளு. பலமாத் தள்ளாத. இப்ப படுக்க வெச்சு ஸ்க்ரூ போடு. ஒயர் நுனில டேப்பை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"கார்டுல நம்பர் போட்டிருக்கும், கறுப்பை ஒண்ணுல, வெள்ளைய ரெண்டுல மாட்டு. க்ளிக்னு சத்தம் வரணும். பேட்டரிய மாட்டிட்டுப் போடு."

மெஷின் விழிக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"வந்துடுச்சு!" என்று கத்தினான் மச்சினன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கைதட்டல். மேனேஜரின் குரல், "சபாஷ், இத்தனை நாளா எங்கய்யா இருந்தீங்க?" என்றது. அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

மனைவி துடைத்த பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பாதி நறுக்கிய காயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பாவம்" என்றாள். "குரலே நடுங்கிச்சு. எப்படிப் பயந்துபோயிருக்கான் பாருங்க."